மூங்கில் தடை

சீசனுக்கு நுவரெலியா போகிற வேன்களெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் வழியே குறுக்கே புகுந்து ஓட, கொடியில் காய்ந்த துணியெல்லாம் புழுதியானது. ஜீவராணிதான் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பாதையில் மூங்கில் தடை போட வைத்தாள். காவலுக்குத் தன் புருஷன் சின்னத்தம்பியையே நிறுத்தினாள்.

"யாரு வந்தாலும் வண்டிய விடாதீங்க. எறங்கி நடக்கட்டும். விட்டீங்கன்னா ஒங்களுக்கு வீட்டுல சோறு இல்ல."

ஞாயிறு காலை ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது.

"தடைய தூக்குங்க."

"வெளி வண்டிக்கு வழி இல்லைங்க. கால் மைல்தான், நடந்துருங்க."

"பட்டு வேட்டியோட இந்தப் புழுதியிலயா? நான் யாருன்னு தெரியல?"

"எனக்குத் தெரியுதுங்க. மூங்கிலுக்குத் தெரியாதே."

"இனி இந்தப் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

வேன் பின்வாங்கித் திரும்பிப் போனது. சின்னத்தம்பி லயத்துக்கு நடந்தார்.

வாசலில் ஜீவராணி பலகாரத் தட்டோடு நின்றாள். "அவரு மகனுக்கு நம்ம புள்ளைய கேட்டு எங்க அண்ணன் வர்றேன்னாரே, காணோமே?"

"வந்தாரு. நீ சொன்ன மாதிரி நடக்கச் சொன்னேன். கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டாரு."

ஜீவராணி தட்டோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே வந்த அப்பாவிடம், புதுச்சேலையில் இருந்த மகள் வினோதா மெதுவாகச் சொன்னாள். "மாமா நடந்து வந்துருவாருன்னு பயந்துட்டேம்பா."

"தீப்பெட்டி வாங்கவே வேன்ல போறவரு நடப்பாரா? நீ போய் கெம்பஸ்ல படிக்கச் சேர்ற பாரத்த நெரப்பு."