பூட்டிய கதவைப் பற்றி ஒரு புகார்

காலை வெயில் சாப்பாட்டு மேசையின் பாதிவரை வந்திருக்கிறது. தையல் ஆலையில் மேற்பார்வை பார்க்கும் அவள், அவசர வழிக் கதவை மேலாளர் தினமும் பூட்டிவைப்பதைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய புகாரைக் கணவனிடம் நீட்டுகிறாள். உள்ளே இருநூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, உதடு அசைய மெல்லப் படிக்கிறான். "பேரு போடாம அனுப்பேன். அந்த ஆளு உன்னைச் சும்மா விடமாட்டான்," என்கிறான். "மொட்டைக் கடுதாசின்னா நேரா குப்பைக்கூடைக்குத்தான் போகும்." "வேலை போயிட்டா?" "வீட்டுல உங்க சமையலை மேற்பார்வை பாக்க ஆள் வேணும்ல?" அவன் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிடுகிறான். அவள் பேனாவைத் திறக்கிறாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. அவன் அதன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். அவள் தன் முழுப் பெயரையும் எழுதுகிறாள்.