கல்லுரலில் இடித்த கிப்பே

"மெஷின்ல அரைச்ச கிப்பேயை இந்த வீட்டுல யாரும் தொட மாட்டோம். திரும்ப எடுத்துட்டுப் போ" என்றாள் ஒதெத்.

ஜோஸ்லீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெய்ரூத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, அம்மா வீட்டுக்கென்று ஆசையாக வாங்கி வந்த மெஷின். கறியையும் உடைத்த கோதுமையையும் போட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும், மூன்றே நிமிடத்தில் வெண்ணெயாகிவிடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான்.

"அண்ணியைக் கொஞ்சம் பாரும்மா. ஆறு நாளும் மருந்துக்கடையில கால் கடுக்க நிக்கறாங்க. ஏழாவது நாளும் உலக்கை பிடிக்கணுமா?"

"நான் முப்பத்தெட்டு வருஷம் பிடிக்கலையா?"

அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. லெபனானில் அவர்கள் ஊரான ஸ்கார்த்தாவில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு என்றால் கறியும் கோதுமையும் சேர்த்து மசித்த கிப்பே. ஒதெத்தின் வீட்டில் கிப்பே என்றால் கல்லுரலில் இடித்தது. இடிக்கும்போது சமையலறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், ஒருவரும் உள்ளே போகக் கூடாது, வெக்கை பட்டால் பச்சைக் கறி கெட்டுவிடும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான்.

மருமகள் ஹயாம் சமையலறைப் பக்கம் நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தொம் தொம் என்று இடிக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த ஜோஸ்லீன் அம்மாவை முறைத்தாள்.

ஆனால் உள்ளே ஹயாம் இடிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீரில் இரண்டு காலையும் விட்டிருந்தாள். உரல் விளிம்பில் வைத்திருந்த செல்போன்தான் இடித்துக்கொண்டிருந்தது.

கிப்பே காலையிலேயே தயார். வீடு மொத்தமும் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்தபோது, யாருக்கும் தெரியாமல் அவளே வாங்கி வைத்திருந்த இன்னொரு மெஷினில் அரைத்து, ஃப்ரிட்ஜில் மூடி வைத்தாகிவிட்டது. மெஷின் திரும்பவும் அழுக்குத் துணி வாளிக்கு அடியில் போய்விட்டது. எப்போதோ ஒரு ஞாயிறு நிஜமாகவே இடித்தபோது செல்போனில் பதிவு செய்த நாற்பது நிமிடச் சத்தம், அதற்குப் பிறகு வாராவாரம் அவளுக்குப் பதிலாக இடித்து வருகிறது.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. "கையால இடிச்ச ருசியைப் பாருங்க" என்று மாமியார் ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்லும்போது தட்டை விட்டு அவள் தலை நிமிராது. ஆனாலும் விட மனசில்லை. அவள் பெயரை யாரும் கூப்பிடாத நேரம் வாரத்தில் அந்த நாற்பது நிமிடம்தான். மாட்டிக்கொண்டால் அதுவும் போய்விடும். மாமியார் தெரு முழுக்கச் சொல்லி மானத்தை வாங்குவது தனி.

அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது நடையில் ஜோஸ்லீனின் குரல் கேட்டது. "நானே போய் அண்ணிகிட்ட இதைக் குடுக்கறேன். ஒரு தடவை அரைச்சுக் காட்டிட்டா அம்மா என்ன செய்வா?"

காலடிச் சத்தம் நெருங்கியது. அதே நேரம் பார்த்து மருந்துக்கடை முதலாளி செல்போனில் கூப்பிட்டார். இடிச்சத்தம் சட்டென்று அறுந்தது.

ஹயாம் பதறிப்போய் அழைப்பைத் துண்டித்தாள். காலை வெளியே எடுப்பதா, உலக்கையை எடுப்பதா என்று புரியவில்லை. கதவின் பிடி அசைந்தது.

"கையை எடு." ஒதெத்தின் குரல் அடங்கி, கிசுகிசுப்பாக வந்தது.

"அம்மா, உள்ள சத்தமே நின்னுபோச்சு. அண்ணிக்கு என்ன ஆச்சோ..."

"ஒண்ணும் ஆகலை. அவ இடிக்கவே இல்லை. ஏழெட்டு மாசமா இடிக்கலை."

ஹயாம் உலக்கைக்கு நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றே?"

"வாராவாரம் அவ ஆரம்பிச்ச கால் மணி நேரத்துல தர்பூசணி வண்டிக்காரன் கூவிட்டுப் போறான். பிப்ரவரி மாசத்துல எவன்டி தர்பூசணி விக்கறான்?"

ஹயாம் செல்போனைப் பார்த்தாள். அந்தக் கூவல் அதில் இருப்பது இத்தனை நாள் அவள் காதில் விழவே இல்லை.

"தெரிஞ்சுமா மெஷினே வேண்டாங்கறே?" ஜோஸ்லீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யணுமா?"

"மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும்னு நீதானே சொன்னே? முடிஞ்சா அப்புறம் அவளை யாரு உட்கார விடுவா? உங்கண்ணன் சட்டை எங்கேன்னு கேட்பான். பசங்க சாக்ஸைத் தேடும். போய்ப் படுன்னு சொன்னா மட்டும் படுக்க விடுவோமா?"

ஜோஸ்லீன் பெட்டியைத் தரையில் வைத்தது கேட்டது.

"அவங்களை ஏன் சொல்றேன்? முதல்ல காபி கொண்டான்னு கத்தறது நானாத்தான் இருப்பேன். என் வாயைப் பத்தி எனக்குத் தெரியும்."

கதவுக்கு இந்தப் பக்கம் ஹயாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜோஸ்லீன் கூடத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டது.

பிறகு கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. மாமியாரின் குரல் எப்போதும்போல் வீடு அதிர வந்தது.

"என்ன ஹயாம், சத்தத்தைக் காணோம்? இன்னும் பதமே வரலை. அரை மணி நேரமாவது இடி!"