பலகைத் தரை

"இதுக்குக் காது துளிகூடக் கேக்காது. இதுதான் வேணுமா?" நாய்க் காப்பகத்துப் பெண் மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"இதேதாம்மா," என்றார் கல்குவாரித் தொழிலாளி. "ஏன்னு வீட்டுக்கு வந்து பாருங்க."

வீட்டைப் பார்க்காமல் காப்பகத்தில் நாயைக் கொடுப்பதில்லை. மறுநாள் நாயையும் அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு அவள் போனாள். பலகைத் தரை போட்ட ஒற்றை அறை. அவர் மனைவி முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம்மா."

திரும்பவில்லை. உரக்கச் சொல்லியும் திரும்பவில்லை. வீட்டுக்காரிக்குப் பிடிக்காமல் வாரத்துக்குள் திரும்பி வந்த நாய்கள் அவள் நினைவுக்கு வந்தன.

"ஐயா, வீட்டம்மாவுக்கு இஷ்டமில்ல போல. மூஞ்சிகூடக் காட்ட மாட்டேங்கறாங்க. நான் கையெழுத்துப் போட முடியாது."

"அவசரப்படாதீங்க. விண்ணப்பத்துல நாயை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு ஒரு கேள்வி இருந்துச்சே, நான்கூட எழுதாம விட்டேன். இப்பப் பாருங்க."

குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். பலகை அதிர்ந்தது. படுத்திருந்த நாய் விருட்டென்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

அந்த அம்மாளும் திரும்பினார். நாயைக் கண்டதும் மடித்த துணியைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இருபது வருஷம் கல் அரைக்கிற மெஷின்கிட்ட நின்னவ," என்றார் அவர். "உங்க போர்டுல இதப் பத்திப் படிச்சுட்டு, எனக்குத் தோதான ஆளு இதுதான்னுட்டா."

அவள் பேனாவைத் திறந்தாள். காலியாக இருந்த கட்டத்தைத் தானே நிரப்பினாள்: 'வீட்டில் உள்ளவரைக் கூப்பிடுவது போலத்தான்.'