கப்பல் தாங்காது

“இதுக்கு மேல போனா கப்பல் தாங்காதுங்க.”

கேப்டன் இதைச் சொன்னபோது கப்பல் சரியாக ஆடக்கூட இல்லை. மேசைமேல் இருந்த தேநீர் தளும்பாமல் கிடந்தது.

எதிரே நின்ற சிலுவைதாசன் தலையை மட்டும் ஆட்டினார்.

குமரிக் கடற்கரை மீனவர் அவர். புயலில் காணாமல் போன விசைப்படகில் அவருடைய தம்பி இருக்கிறான். கூட ஊர்க்காரர்கள் ஆறு பேர். தேட வேண்டிய இடத்தைக் காட்டட்டும் என்று இவரைக் கப்பலில் ஏற்றி வந்திருந்தார்கள். ஏறியதிலிருந்து மனிதர் உட்காரவே இல்லை. இன்னும் மேற்கே போங்கள், இன்னும் கொஞ்சம் மேற்கே போங்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

போகலாம். கேப்டனுக்கு அது நன்றாகத் தெரியும்.

புத்தம் புது ரோந்துக் கப்பல். கடலில் இறங்கிய நாள் முதலாகத் தொலைக்காட்சியில் அதைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். உடம்பு பெரிது, பீரங்கி சிறிது. ஹெலிகாப்டர் இறங்கத் தளம் உண்டு, நிறுத்திவைக்கக் கூரை கிடையாது. இது காவலுக்கா, கண்காட்சிக்கா? கடலை விட்டு இருபது வருடம் ஆனவர்கள்கூட ஆளுக்கொரு குறை சொன்னார்கள்.

அப்போதெல்லாம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது இந்தக் கேப்டனுக்குத்தான்.

வாரக்கணக்கில் கடலில் நிற்கும், எந்த அலையிலும் போகும் என்று மைக்கைப் பிடித்து மார்தட்டினார். அது பொய்யில்லை. இப்போதும் டீசல் பாதிக்கு மேல் இருந்தது.

காலையில் தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. தேடலைத் தொடர்வதா, கடற்படை அணிவகுப்புக்குத் திரும்புவதா? முடிவு உங்களுடையது.

அணிவகுப்பில் முதலில் வருவது இவருடைய கப்பல். மேடையில் பெரிய மனிதர்கள் இருப்பார்கள். பதவி உயர்வுப் பேச்சும் இந்த மாதம்தான்.

வேறு கப்பல் வந்து தேடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் வேறு கப்பலே இல்லை.

கப்பலைக் கரைக்குத் திருப்பச் சொன்னார்.

சுக்கானைப் பிடித்திருந்த மாலுமி கோமதிநாயகம் திசைகாட்டியையே முறைத்துக்கொண்டு கப்பலைத் திருப்பினான்.

சிலுவைதாசன் கேப்டனின் கையைத் தொட்டார்.

“கப்பலுக்க கொறைக்கு நீங்க என்ன செய்வீங்க, சாரே? வெசனப்படாதீங்க.”

தம்பியைக் கடலில் விட்டுவிட்டு வருகிறவர் ஆறுதல் சொன்னார். கேப்டனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இன்னும் நல்லது.

துறைமுகத்தில் மைக்குகள் காத்திருந்தன.

“கேப்டன் தங்கமான மனுசன். கப்பல்தான் ஒண்ணுக்கும் ஆகாது” என்றார் சிலுவைதாசன்.

கேப்டன் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒரு வாக்கியம் போதும், மறுத்துவிடலாம். தொண்டையைச் செருமினார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நாங்கள் அப்போதே சொன்னோமே என்று மாலையில் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே கொண்டாட்டம். கப்பல் பாவம். அதற்கு வாயா இருக்கிறது?

மறுநாள் காலை அணிவகுப்புக்கு ஒத்திகை. கப்பல் துறையில் கட்டிக் கிடந்தது. மாலுமிகள் வெள்ளைச் சீருடையில் அதன் ஓரம் நெடுக வரிசையாக நின்றார்கள். பெரிய மனிதர்கள் கடந்து போகும்போது கொடுக்கிற மரியாதை அது. இன்று கடந்து போக யாரும் இல்லை. வெறும் பயிற்சிதான்.

அப்போதுதான் அந்தப் படகு வந்தது.

மரப்படகு. தண்ணீர் கேன்களும் டீசல் கேன்களும் அரிசி மூட்டையும் ஏற்றியிருந்தார்கள். வலை இல்லை. முன்னால், அணியத்தில் சிலுவைதாசன் நின்றார். பின்னால் ஊர் இளவட்டங்கள். கப்பலாலேயே முடியாத இடத்துக்கு வேறு யார் போவார்கள்? அவர்களே கிளம்பிவிட்டார்கள்.

துறைமுக வாயிலில் அலை இன்னும் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

அது தாங்காது. இந்தப் படகுதான் தாங்காது.

படகு கப்பலை ஒட்டி வந்தது. சிலுவைதாசன் அண்ணாந்து பார்த்தார். வெள்ளை வரிசையைப் பார்த்தார். முகம் மாறியது.

“நமக்காவ நிக்கியாங்க, பாருங்கலே.”

தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அத்தனை பேரும் கப்பலைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

கேப்டனுக்கு அவமானத்தில் காது அடைத்துக்கொண்டது. ஐயா, இது உங்களுக்கில்லை என்று எப்படிக் கத்துவது?

வரிசையில் கோமதிநாயகம் நின்றிருந்தான். உத்தரவில்லாமல் அவன் கை தொப்பிக்குப் போனது. பக்கத்தில் இருந்தவன் கை எழுந்தது. அதற்கடுத்தவன் கை எழுந்தது. வரிசை முழுக்க சல்யூட் வைத்தது.

கேப்டன் கையைத் தூக்கப் பார்த்தார். அது நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை.

படகு துறைமுக வாயிலில் முதல் அலைமேல் ஏறியது. மறைந்தது. கொஞ்சம் தாமதமாக அடுத்த அலைமேல் தெரிந்தது.

துணை அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், ஒத்திகையத் தொடரலாமா?”

கயிறுகளை அவிழ்த்துப் படகின் பின்னால் போகச் சொல்ல ஒரு நொடி போதும். தொடரச் சொல்லவும் அதே நொடிதான்.

படகு மறுபடி மறைந்தது.

“சார்?” என்றார் துணை அதிகாரி.