லாவேணிக்கு என்ன அர்த்தம்?

“லாவேணின்னா என்ன அர்த்தம் சார்?” என்று குழந்தையின் அப்பா மருதப்பன் கேட்டதும் தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு பெரிய எழுத்தாளர், என்ன அடக்கம் என்று தொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நதி போல் நீண்ட கூந்தல் உடையவள் என்று அவர் ஏதோ சொல்லிவைத்தார். போன மாதம் வேறொரு வீட்டில் வேறு அர்த்தம் சொன்னது நினைவுக்கு வந்தது. பெயர் சூட்டும் பூசை முடியும்வரை அவர் நிமிரவே இல்லை.

வாரப் பத்திரிகையில் அவர் எழுதிவந்த மாயாஜாலத் தொடர்கதையில், மேகக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும் இளவரசிதான் லாவேணி. 1958இல் சிராங்கூன் ரோட்டிலும் ஜாலான் புசாரிலும் பிறந்த பெண் குழந்தைகளில் பலருக்கு அந்தப் பெயர்தான். குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல அவரையே அழைப்பார்கள்; அவரும் தனியாகப் போய் வருவார். கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியே போய் யாரும் பார்த்ததில்லை.

அவர் விடைபெறும்போது மருதப்பனின் மனைவி சந்திரமதி, குழந்தையை அவர் மனைவி மங்களம் அக்காவுக்கும் காட்ட வேண்டும் என்றாள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று தனசேகரன் மழுப்பினார். அப்படியானால் கட்டாயம் வந்து பார்க்கத்தான் வேண்டும் என்றாள் அவள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் மருதப்பனும் சந்திரமதியும் குழந்தையோடு அவர் வீட்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்கள். அவர்கள் குரல் கேட்டதுமே தனசேகரன் உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

சந்திரமதி குழந்தையை மங்களத்தின் மடியில் கிடத்தினாள். “உங்களுக்குப் பிள்ளை இல்லாட்டி என்னக்கா? இவளும் உங்க பொண்ணுதான்லா.”

மங்களம் கணவனைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளறைக் கதவை யாரோ தட்டினார்கள். “லாவேணி... லாவேணி...” நாக்குக் குழறிய குரல்.

“உள்ள யாரு சார்? பாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க?” என்றான் மருதப்பன்.

ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் என்று சொல்லிவிடலாமென்று தனசேகரன் வாயைத் திறந்தார். அதற்குள் மங்களத்தின் கண்ணீர் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. அவள் அதைப் புடவைத் தலைப்பால் மெல்ல ஒற்றியெடுத்ததைப் பார்த்தபிறகு அவருக்குப் பொய் வரவில்லை.

எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்க்கும் துணிவில்லாமல், கதவைப் பார்த்தே சொன்னார்.

“அது பேரில்லப்பா. எங்க பொண்ணு, ‘நிலா வேணும்’னு கேக்குறா.”