கேப்டன் குரல்

"அந்தக் கேம விட்டுருதேன் மேடம்" என்றான் பேச்சிராஜ். ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"ஏங்க?" சூப்பர்வைசர் சசிகலா யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டாள்.

"ஆன்லைன்ல பத்து பேரு ரெய்டு போயி அரக்கன அடிக்கோம். அடிபட்டவனுக்கு உசுரு ஏத்துறது என் வேல. கொஞ்சம் பிந்துனாலும், 'டம்மி பீஸு'ன்னு கேப்டன் ஏசுதான். ஆப்ல குரல மாத்திப் பேசுத கோழப்பய!"

"அவருக்கும் டென்ஷன் இருக்கும்லங்க."

வந்த பஸ், சரியாக நிற்காமலே மெல்ல நகர்ந்தது. தாவி ஏறிய சசிகலா படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"டேய் டம்மி பீஸு! பின்னால நின்னுகினு இன்னாடா பண்ற? உசுரு ஏத்து... ஐயோ, பஸ்ல ஏறு!"

"இதோ கேப்டன்!" பழக்கத்தில் கத்திக்கொண்டே ஓடி ஏறிய பேச்சிராஜ், அப்படியே வாயைப் பிளந்தான்.

சசிகலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு ரெய்டுக்கு வருவீங்கல்ல?"