அந்தத் தடதடச் சத்தம்

"பழையபடியே மாத்திக் குடுத்துடுங்க, மெக்கானிக்."

படகுத் துறை மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். எதிரே நின்றவர் பல் டாக்டர். கரையேற்றி நிறுத்தியிருந்த பாய்மரப் படகின் சொந்தக்காரர்.

"என்ன டாக்டர் இது? புது எஞ்சின் போட்டதிலேருந்து ஒரே கரும்புகை, தடதடன்னு மூச்சு முட்டுதுன்னு நீங்கதான் வந்தீங்க. புரொப்பெல்லர் இறக்கை ஒவ்வொண்ணையும் திருப்பி, சாய்வைக் குறைச்சு, அலுங்காம குலுங்காம ஓட வெச்சேன். இப்ப அதைக் கெடுத்துக் குடுன்னா எப்படி?"

"ஓட்டம் பிரமாதம். குறையே இல்ல."

"அப்புறம்? சாய்வு அதிகமானா இறக்கை தண்ணியை அளவுக்கு மீறி அள்ளும். எஞ்சின் இழுக்க முடியாம திணறும். நல்லா இருக்கிறதைத் தெரிஞ்சே பாழுங்கிணத்துல தள்ளச் சொல்றீங்களா?"

"தெரியும். இருந்தாலும் அந்தச் சத்தம் வேணும்."

பிறர் பல்லைக் கண்ணிமைக்காமல் பிடுங்குகிற மனிதர் காதுவரை சிவந்துபோனார். படிப்பு, தொழில் என்று ஓடியதில் கல்யாணத்தையே மறந்துவிட்டவர் அவர். மெக்கானிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

"சும்மா சொல்லுங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"என் படகுச் சத்தம் கேட்டா ஒரு ஜன்னல் திறக்கும்."

"உங்களைப் பார்த்தா ஊரே வாயைத் திறக்குது. இதுல ஜன்னல் வேறயா! எந்த ஜன்னல்?"

"கால்வாய்க்குள்ள நுழையறப்ப பாயை இறக்கிட்டு எஞ்சினைப் போடுவேன் இல்ல? அந்த வளைவுல மஞ்சள் வீடு. மாடியில ஒரு அம்மா வந்து நிப்பாங்க. அவ்வளவுதான். கையைக்கூட ஆட்டினதில்ல. அதுக்காகவே நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் காத்துக்கிடப்பேன். நீங்க சரி பண்ணினதிலேருந்து ஜன்னல் திறக்கல. நான் வர்றதே அவங்களுக்குக் கேக்கல போல."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுவிட்டது.

"டாக்டர்... அது என் அக்கா. நான் உங்களுக்கு வித்த இந்தப் படகு அவ புருஷன், என் மாமாவோடது. அவர் செத்ததுக்கப்புறம் இதைக் கண்ணால பார்க்க முடியாமத்தான் விக்கச் சொன்னா. அவ ஜன்னலைத் திறந்தது..." அவனுக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது. "உங்களுக்காக இருக்காது."

டாக்டர் படகின் விளிம்பில் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தச் சத்தம் வேண்டாம்" என்றார் கடைசியில். "அவருன்னு நினைச்சு ஓடிவந்து, தினமும் என் மூஞ்சியைப் பார்த்து ஏமாந்திருக்காங்க. பாவம். வெளியூர் ஆள் யாராவது கேட்டா படகை வித்துடுங்க. நான் இனிமே எந்த மூஞ்சியோட அந்த வளைவுல போறது?"

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார். மெக்கானிக்குக் கஷ்டமாக இருந்தது. தங்கமான மனிதர். ஆனால் செத்துப்போனவரோடு போட்டி போட்டு ஜெயித்தவர் யார்?

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா தலைவாரி, பளிச்சென்று உடுத்தி, சாத்திய ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாடா. அந்தப் படகு இப்பல்லாம் வர்றதில்லையே, ஏன்?"

"வந்துக்கிட்டுதான்க்கா இருந்தது. புரொப்பெல்லரைச் சரி பண்ணிட்டேன், அதான் சத்தம் கேக்கல. இப்ப படகையே விக்கச் சொல்லிட்டார்."

அக்கா எழுந்தேவிட்டாள். "உன்னை யாருடா சரி பண்ணச் சொன்னது?"

 அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"போதும்க்கா. எத்தனை நாள்தான் இப்படிக் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்ப? மாமா இனிமே வரமாட்டார்."

"அது எனக்குத் தெரியாதாடா, மடையா!" அக்கா கையை உதறினாள். ஆத்திரமும் வெட்கமும் சேர்ந்து குரல் உடைந்தது. "உங்க மாமா ஓட்டினப்ப அந்தப் படகு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்தத் தடதடச் சத்தம் இந்த மனுஷர் வாங்கினதுக்கப்புறம் வந்ததுதானேடா!"